மண்டைக்கு வேலை வைக்காத புத்தகம்

டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரமும் அத்தை இடது கையை அசைக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே ஃபிஸ்டுலா வைத்த இடத்தில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றின் வழியே திரும்பி வருகிறது. அந்த இடத்தில் விரலை வைத்தால், மாவு மில் ஓடும்போது அடுத்த வீட்டுச் சுவரில் கை வைத்த மாதிரி ஓயாத அதிர்வு. ஏசிக் குளிருக்காகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருப்பார்கள். வலது கை மட்டும் வெளியே கிடக்கும். எதிர்ச்சுவரில் டிவி இருக்கிறது. அதில் ஓடுவது நர்சுகள் வைக்கும் சேனல். இரண்டு வருடங்களுக்கு முன்னால், அந்த வார்டுக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம், அத்தை என்னிடம் கேட்டார்: “அடுத்த வாட்டி வாரப்ப ஏதாச்சும் பொஸ்தகம் கொண்டா கண்ணு. மண்டைக்கு வேலை வெக்காததா இருக்கோணும்.” வாழ்நாளில் அத்தை என்னிடம் கேட்டு வாங்கிய பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அன்றிரவே அலமாரி முன்னால் போய் நின்றேன். வெகுநேரம் தேடி, ஒரு கையில் பிடிக்கத் தோதாகச் சின்னதாக, எடை குறைவாக, எனக்கு உயிரான ஒரு நாவலை எடுத்தேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’.

அதைக் கொடுத்துவிட்டு வந்த பிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் போனபோது புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. “நல்லாத்தான் இருக்குது. பொறவு படிக்கறேன்” என்றார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். காபி, ரசம், மாத்திரை விழுங்கக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டில் ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார், அது கரைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் நிம்மதி. அப்படிப்பட்டவருக்கு, குடமும் அடிபம்பும் வரிசையும் சண்டையுமாகத் தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு தெருவின் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தலைப்பை வாய்விட்டுப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில், யாரோ பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தபோதுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அத்தை அதைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நான் கவனிக்கவில்லை என்பதை அவருக்கே எடுத்துச் சொன்னதாகிவிடும்.

இது தற்செயலான மறதிதான் என்று விட்டுவிட முடியவில்லை. அவர் கேட்டது என் காதில் வேறு விதமாக விழுந்திருக்கிறது என்றுதான் இரண்டு வருடமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. மண்டைக்கு வேலை வைக்காத புத்தகம் என்று அவர் சொன்னதும், நல்ல புத்தகத்தின் ருசி தெரியாத ஒருவர் கேட்கிறார், நாம் கொஞ்சம் மேலே தூக்கிவிடலாம் என்று எனக்குள் ஒருவன் முடிவு செய்துவிட்டான். சிறுபத்திரிகைகளோடு இருபத்தைந்து வருடம் புழங்கியதில் வந்த பழக்கம் இது. வணிக எழுத்து, கேளிக்கை எழுத்து, தப்பித்தல் இலக்கியம் என்று எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்தச் சொற்களால் நாங்கள் காப்பாற்றியவையும் உண்டு. அவை இல்லாமல் அசோகமித்திரனை நான் படித்திருக்கமாட்டேன். ஆனால் தப்பித்தல் என்ற சொல்லை இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். தமிழில் தப்பு என்றால் குற்றம், தப்புவது என்றால் ஆபத்திலிருந்து நீங்குவது. பிழை என்றாலும் குற்றம்தான், பிழைப்பது என்றால் உயிரோடிருப்பது. தப்பிப் பிழைத்தான் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் குற்றமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. இலக்கியம் பேசும்போது மட்டும் நாங்கள் அதில் பாதியைத்தான் கேட்டோம்.

அத்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். நின்றவர் என்பது சரியான சொல்; அந்த வேலையில் உட்கார முடியாது. ட்யூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். சீசன் என்றால் தினமும் ஒன்றரை ஷிஃப்ட். கண்ணைக் கொடுத்துச் சம்பாதித்த ஒருவர் வீட்டுக்கு வந்து மறுபடி எழுத்தின்மேல் கண்ணை ஓட்டுவாரா என்று யாரும் நினைப்பார்கள். அத்தை ஓட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம், இரவு எல்லோரும் படுத்த பிறகு அரைமணி நேரம். கையிலிருக்கும் துணியில் குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய சம்பளம். கதையில் வேறு யாராவது குற்றம் கண்டுபிடிக்க, தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய ஓய்வு. இதை அவர் இப்படிச் சொன்னதில்லை. அவர் சொன்னது, “அங்க வேற ஒருத்தன் செக்கிங் பண்றான்” என்றுதான்.

புத்தகங்கள் வாடகை நூல் நிலையத்திலிருந்து வந்தன. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், எட்டடி அகல அறை. முன்பணம் கட்டிவிட்டால் புத்தகத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. மாலைமதி, ராணி முத்து, க்ரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று மாதம் பிறந்தால் வந்து குவியும். நான்கு நாவல்களைச் சேர்த்து அட்டை போட்டுத் தைத்து, முதுகில் காடாத்துணி ஒட்டி வைத்திருப்பார் கடைக்காரர். வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த தொடர்கதைகளும் உண்டு. பாதிப் பக்கத்தில் கதை, மீதிப் பக்கத்தில் அந்த வாரத்துத் துணிக்கடை விளம்பரம். பழைய பசையும் வேப்பிலையும் கலந்த வாசனை. கரப்பான் வராமலிருக்க அலமாரி இடுக்கில் காய்ந்த வேப்பிலை சொருகியிருப்பார். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு குறி இருந்தது. படித்து முடித்த புத்தகத்தில் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி, ஒரு நட்சத்திரம், ஒரு எழுத்து. தலைப்பு மறந்துபோகும், மறுபதிப்பில் அட்டை மாறிவிடும். குறியைப் பார்த்துத்தான் ஏற்கெனவே படித்தோமா என்று கண்டுகொள்வார்கள். அத்தையின் குறி 33ஆம் பக்கத்தின் மூலையில் பென்சிலால் போட்ட ஒரு சின்ன வட்டம். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பேரின் குறிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத பெண்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய அடையாளம் மாதிரி இருக்கும்.

அந்தக் கடைக்காரர் பரிந்துரைக்கும் விதத்தைச் சிறுவனாக அத்தையோடு போய் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது அது ஒரு வித்தை என்று தெரியாது. யாருடைய கதை பிடிக்கும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. “பையனுக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா?” என்பார். “மாமனார் ஊர்ல இருந்து வந்திருக்கறாங்களா?” என்பார். பதிலைக் கேட்டுக்கொண்டே கை அலமாரிக்குப் போகும். ஒருமுறை ஒரு பெண் தானாகவே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்ட, வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இப்ப வேண்டாமுங்க அம்மிணி. இதுல கொழந்த செத்துப்போயிருமுங்க” என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு நிமிடம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். வெளியே வந்ததும் அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே நடந்தது நினைவிருக்கிறது. காரணம் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. புத்தகங்களை நாங்கள் அறிந்திருப்பது நடையாக, வடிவமாக, வரலாற்றில் அதன் இடமாக. அவர் அறிந்திருந்தது எந்தப் புத்தகம் எங்கே குத்தும் என்று. க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் நூல் அறிமுகம் எழுதினார். தமிழில் பரிந்துரை என்றால் இன்றுவரை அந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் நிற்கிறது, நானும் அதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதில் கேட்பவரின் படிப்பு தெரியும், கேட்கப்படுபவருக்கு அன்று காலை வீட்டில் என்ன நடந்தது என்பது தெரியாது.

‘தண்ணீர்’ போன பிறகு நான் ராஜேஷ்குமார் நாவல்கள் இரண்டை வாங்கிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியவை. அத்தை முதலில் செய்தது அதை முகர்ந்து பார்த்தது. பிறகு வலது கைக் கட்டைவிரலை நடுவில் கொடுத்துப் பிளந்து, சுண்டு விரலால் கீழே தாங்கி, ஒரே கையில் பிடித்துக்கொண்டார். பக்கம் திருப்ப வேண்டுமானால் மார்பில் கவிழ்த்து, கட்டைவிரலால் தள்ளி, மறுபடி நிமிர்த்துவார். பாக்கெட் நாவலின் அளவு, அந்த மட்டமான தாளின் மெதுமெதுப்பு, முதுகில் பின் அடித்த கட்டு எல்லாம் இதற்கென்றே செய்தது போல் இருந்தது. அப்படி யோசித்தே செய்த புத்தகங்களும் உண்டு. அமெரிக்காவில் 1943இலிருந்து 1947வரை போர்வீரர்களுக்கென்று தனியாக ஒரு புத்தக வரிசை அச்சிட்டார்கள். 1,322 வெளியீடுகள், 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள். பத்திரிகை அச்சடிக்கும் இயந்திரத்திலேயே அடித்து, சீருடைப் பாக்கெட்டில் நுழையும்படி அகலவாட்டில் வெட்டியவை. செவ்விலக்கியமும் இருந்தது, கௌபாய் கதையும் துப்பறியும் கதையும் ஏராளமாக இருந்தன. பதுங்கு குழியிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவற்றைப் படித்தார்கள். அந்த வரிசையைத் திட்டமிட்டவர்கள் முதலில் யோசித்தது புத்தகத்தை எந்த நிலையில் இருப்பவன் எப்படிப் பிடிப்பான் என்பது. இலக்கியத் தரம் பற்றி ஆயிரம் பக்கம் படித்த நான் அத்தையின் கையைப் பற்றி யோசித்தேன், நாக்கைப் பற்றி யோசிக்கவில்லை.

ராஜேஷ்குமாரின் நாவலை அத்தைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நானும் படித்தேன். பல வருடங்களுக்குப் பிறகு படித்ததால் அதன் வேலைப்பாடு தெளிவாகத் தெரிந்தது. சம்பந்தமேயில்லாத இரண்டு கதைகள் ஒன்று விட்டு ஒரு அத்தியாயமாக ஓடும். ஒன்றில் கோவையில் ஒரு பெண் காணாமல் போவாள், இன்னொன்றில் சென்னையில் ஒருவன் விமானத்திலிருந்து இறங்குவான். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு பாதி திறந்த நிலையில் நிற்கும். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் இரண்டும் ஒன்றில் ஒன்று வந்து விழும். ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நாவல்கள் எழுதியவருக்கு இது கைப்பழக்கம். ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு அது நேரத்தை அறுத்துப்போடும் கத்தி. நான்கு மணி நேரம் என்பது ஒரே கட்டியாக இருந்தால் விழுங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கதவு பாதி திறந்து நின்றால், அடுத்த கதவுவரை போய்விடலாம். நூறு பக்கம் சொச்சம் உள்ள ஒரு நாவல் அத்தைக்கு மூன்றரை மணி நேரம் வரும். மீதி அரைமணியில் மெஷினில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேவலமாக நான் எழுதியிருக்கிறேன். ஒரு பொழுதைப் போக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வார்டில்தான் பார்த்தேன். காலில் தசை இழுத்துக்கொண்டு, முகம் கோணி, நர்ஸ் வந்து கால் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடிக்கும்போதும் அத்தையின் வலது கை புத்தகத்தை விடவில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாரோ அதற்குள் விரல் இருந்தது.

துப்பறியும் கதையும் அதைப் படிக்கும் பழக்கமும் புதிதில்லை. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்து துப்பறியும் கோவிந்தனைத் தமிழ்நாடு தெரிந்துகொண்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் எம்.என். நம்பியாரின் உடம்பில் சினிமாவுக்கு வந்தார். தொடக்ககால நாவல் வாசிப்பைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘நாவலும் வாசிப்பும்’ படித்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கேட்ட பழக்கம் மெல்ல ஒருவர் தனியாக மௌனமாகப் படிப்பதாக மாறியது. எங்கள் வீட்டில் அந்த மாற்றம் பாதியில் நின்றிருந்தது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அத்தை சிறுமியாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பாட்டிக்குப் படித்துக்காட்டுவாராம். சங்கர்லால் டீ குடிக்கும் இடம் வந்தால் பாட்டி, “நமக்கும் ஒரு வாய் போடு” என்று எழுந்து அடுப்படிக்குப் போவாராம். அத்தை படிக்கும்போது இன்றும் உதடு அசையும்.

இதற்குள் எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன, அவற்றை மூடிவைக்க விரும்பவில்லை. இந்த நாவல்களின் அட்டையைப் பாருங்கள். பயந்த ஒரு பெண்முகம், அல்லது முகமே தெரியாமல் கிடக்கும் ஒரு பெண்ணுடம்பு. முதல் அத்தியாயத்தில் சாவது பெரும்பாலும் இளம்பெண். அவள் எப்படிச் செத்தாள் என்பதை எழுதும்போது சில எழுத்தாளர்களின் பேனா அங்கேயே நின்று சுற்றும். அதைப் படித்து எனக்குக் கோபம் வந்திருக்கிறது, இப்போதும் வருகிறது. வாழ்நாளெல்லாம் பெண்களோடு நின்று வேலைசெய்த அத்தை இதை எப்படிப் பொறுத்தார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மெஷின் ஒருமுறை கத்தி அடங்கியது. பிறகு, செக்கிங்கில் தனக்கு அடுத்த டேபிளில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். சேலம் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவள் திங்கட்கிழமை வரவில்லை. கிணற்றில் கிடந்தாள் என்று சொன்னார்கள். வியாழக்கிழமை அந்த டேபிளில் வேறு பெண் நின்றாள். “என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல கண்ணு. நானுங் கேக்கல. கதையில செத்தவள யாரு கொன்னான்னு ஒருத்தன் தேடறானே, அதுக்கே படிக்கலாம்.” அந்தப் பெண்ணின் பெயரை அத்தை சொன்னார். நான் இங்கே எழுதவில்லை. இந்த நாவல்களில் துப்பறியும் விவேக்கோ பரத்தோ நரேந்திரனோ கதை முடிவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதை நான் ஒரு மலிவான ஒப்பந்தமாக நினைத்திருந்தேன். அத்தைக்கு அது தன் டேபிளுக்குப் பக்கத்தில் நிறைவேறாமல் போன ஒன்று.

இந்த விளக்கத்தால் என் கோபம் தீர்ந்துவிடவில்லை. சாகும் பெண்ணின் உடம்பை அப்படி எழுதாமலே அவளுக்காகத் தேடும் கதையை எழுதலாம், எழுத வேண்டும். இன்னொரு சந்தேகம் இதைவிட ஆழமானது. அத்தைக்குச் சர்க்கரை இல்லை. ரத்தக் கொதிப்பே சிறுநீரகம் கெட்ட பிறகுதான் வந்தது. எதனால் கெட்டது என்று கேட்டால், தெளிவாகச் சொல்ல முடியாது, பலருக்கு அப்படித்தான் என்கிறார் டாக்டர். மனசாட்சியோடு சொன்ன பதில் அது. ஆனால் காரணம் தெரியாத நோயோடு கிடப்பவருக்கு, வாரம் இரண்டு முறை, காரணம் எப்போதும் கிடைத்துவிடும் ஒரு உலகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேனே, அது சரியா? அதனால் அவருடைய துக்கம் கூடாதா? ஒருவேளை கூடும். ஆனால் அத்தை என்னைவிடத் தெளிவாக இருக்கிறார். கதை கதைதான் என்று அவருக்குத் தெரியும். கால் நீட்டி உட்காரக் கிடைத்த திண்ணையை யாரும் தன் வீடு என்று நினைப்பதில்லை.

இப்போது அந்த வார்டில் நான் பலருக்குப் புத்தகம் கொண்டுபோகிறேன். முதலமைச்சர் காப்பீட்டில் வருபவர்கள், கூட வந்து வராந்தாவில் காத்திருப்பவர்கள். என் பரிந்துரைகள் முன்பு போல் இல்லை. ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டருக்குத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கொடுத்தேன். பாங்கு வேலை போன ஒரு அசடன், அதிர்ஷ்டத்தாலேயே கேஸ்களைத் துலக்குகிறவன். உடம்பு கெட்டதற்குத் தன் பீடியும் குடியும்தான் காரணம் என்று மாய்ந்துகொண்டிருந்தவருக்கு, தகுதி பார்க்காமல் நல்லது நடக்கும் கதை பிடித்தது. குலுங்கிச் சிரித்து ஊசி அசைந்துவிடப்போகிறது என்று நர்ஸ் வந்து அதட்டினார். வராந்தாவில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவுக்குச் சாண்டில்யனின் ‘கடல் புறா’, மூன்று பாகம். அவருக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது, காத்திருப்பும் நீளம். படித்த பையன் ஒருவனுக்குச் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ கொடுத்தேன். பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் கடைசிவரை இழுபறி போடும் கதை. அவன் ஒரே அமர்வில் முடித்துவிட்டு எந்தப் பக்கம் சரி என்று என்னோடு வாதாடினான். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ரமணிசந்திரனை, முடிவு தெரிந்திருப்பதாலேயே விரும்பும் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள். நாளைக்கு என்ன என்று தெரியாதவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. ஒருமுறை இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’வைப் பையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். கேட்ட அம்மா, குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாயை வெட்டாமல் விட்டதால்தான் தனக்கு இப்படி ஆயிற்று என்று சற்று முன்புதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது நல்ல நாவல். அவருக்கு அன்று வேண்டாம். அலமாரி இடுக்கில் வேப்பிலை சொருகியவரின் கை என் கையில் கொஞ்சம் வந்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

வார்டில் எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. படித்து முடித்த நாவல்கள் அதில் சேர்கின்றன. போன மாதம் அத்தைக்கு அடுத்த கட்டிலில் இருக்கும் பெரியவர் அதிலிருந்து எடுத்த ஒரு க்ரைம் நாவலில் கடைசி நான்கு பக்கம் இல்லை. கொலைகாரன் கதவைத் திறக்கிறான், அதோடு தாள் கிழிந்திருந்தது. அவர் பதறிப்போனார். அடுத்த முறை வருவதற்குள் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டார். அப்போது அத்தை போர்வைக்குள்ளிருந்து, “நான் படிச்சிருக்கறனுங்க அந்தக் கதய” என்று ஆரம்பித்தார். இரண்டு மெஷின்களின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, கதவு திறந்ததிலிருந்து கைவிலங்கு மாட்டும்வரை, இன்ஸ்பெக்டர் என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான் என்று பத்து நிமிடம் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அத்தை என்னிடம் சொன்னார், அந்தக் கதையை அவர் படித்ததே இல்லையாம். “பாவம் கண்ணு, வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த மனுசன் எப்படிப் பொறுப்பாரு?”

அத்தை செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டிருக்கிறார். டின்னில் இப்போது நாற்பது புத்தகம் இருக்கும், அதில் பாதியை எல்லோரும் படித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாலைமதியோ, ராணி முத்துவோ, க்ரைம் நாவலோ இருந்தால் உங்கள் ஊர் டயாலிசிஸ் வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.